ஐந்தாம் நாளோடு நின்ற பிளாக்

போன சனிக்கிழமை காலை ஒரு போன். பழக்கமில்லாத நம்பர்.

"சார், எம் பொண்ணுக்கு மொதப் பரிசு குடுத்தது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைப்பு.

"அதத் திருப்பி எடுத்துக்குங்க சார்."

இந்தப் பத்தியை எழுத ஆரம்பித்ததிலிருந்து நானும் எத்தனையோ போட்டிகளுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். கோலப் போட்டி, பேச்சுப் போட்டி, ஒருமுறை கொழுக்கட்டைப் போட்டிகூட. என் பிள்ளைக்கு ஏன் பரிசு இல்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இரண்டாம் பரிசை முதலாக மாற்றச் சொல்லி வாழைத்தாரோடு வந்தவரும் உண்டு. கொடுத்த பரிசைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் கலைவாணி டீச்சர். இந்தப் பத்தியின் பழைய வாசகி. அவருக்கு 'ப்ராஜெக்ட்' என்ற சொல்லே அலர்ஜி. ஏன் என்று பெற்றோருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைக்குத் திடீரென்று ஞாபகம் வரும். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு சார்ட் பேப்பர் வாங்க ஓடுவார். பிரவுசிங் சென்டர்காரர் நாலு படம் பிரிண்ட் போட்டுத் தருவார். அம்மா ஒட்டுவாள். திங்கட்கிழமை பிள்ளைக்கு மார்க் விழும். இதில் யார் என்ன கற்றுக்கொண்டார்கள்? பிரவுசிங் சென்டர்காரர் மட்டும் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் நல்ல தேர்ச்சி பெற்றிருப்பார்.

டீச்சர் யோசித்தார். வகுப்புக்கென்று ஒரு பிளாக் ஆரம்பித்தார். காசு செலவில்லை, சார்ட் இல்லை, தெர்மாகோல் இல்லை. "உங்க வீட்டுல, ஊர்ல ஏதாவது ஒண்ணை அஞ்சு நாள் தொடர்ந்து கவனிங்க. கவனிச்சதை எழுதுங்க" — அவ்வளவுதான் பாடம். பெற்றோரின் போனில் எழுதி அனுப்பினால் டீச்சர் பிளாக்கில் ஏற்றிவிடுவார். நடுவர், நான்.

முப்பத்தொரு பதிவுகள். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன்.

ஏழு பேர் தீர்த்தமலையைக் கவனித்திருந்தார்கள். ஏழு பேருக்கும் மலை ஒரே கோணத்தில், ஒரே மேகத்தோடு காட்சி கொடுத்திருந்தது. ஒருவன் ஒகேனக்கல்லைப் பற்றி எழுதியிருந்தான். முதல் வரி: 'நிச்சயமாக! நீங்கள் கேட்ட கட்டுரை இதோ.' கேட்டது இவன், கொடுத்தது கம்ப்யூட்டர். எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்காமல் மொத்தமாக அள்ளிப் போட்டுவிட்டான். இன்னொரு பெண் தன் வீட்டு ஆட்டைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தாள். நாலும் அவளுடைய வரிகள். அவளுக்கு மூன்றாம் பரிசு கொடுத்தேன்.

முதல் பரிசைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. 'எங்கள் வீட்டுப் புழுவுக்கு வந்த நோய்' — எழுதியவள் பவித்ரா.

அவர்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். நம் தருமபுரி மாவட்டத்தில் இது புதுமை இல்லை. மல்பெரித் தழையைப் போட்டு, மூன்று வாரம் கண்ணும் கருத்துமாகப் பார்த்து, கூடு கட்ட விட்டு, அந்தக் கூட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் தொழில். பவித்ரா கவனிக்க ஆரம்பித்த வாரம் பார்த்து அந்தப் புழுக்களுக்குப் பால் நோய் வந்துவிட்டது. புழு தின்பதை விட்டுவிட்டு ஓரமாக ஊர்கிறது. உடம்பு வீங்குகிறது. தோல் கிழிந்து பால் மாதிரி வடிகிறது. அது பட்ட இடத்தில் இருக்கும் மற்ற புழுவுக்கும் ஒட்டிக்கொள்கிறது.

அந்தப் பெண் இதை ஐந்து நாளும் எழுதியிருந்தாள். காலையில் எத்தனை புழு எடுத்துப் போட்டார்கள், சாயங்காலம் எத்தனை. எந்தத் தட்டில் முதலில் வந்தது, எந்தத் தட்டுக்குப் பரவியது. போட்டோவோடு. மேகமெல்லாம் இல்லை, அப்பாவின் போனில் எடுத்த கொஞ்சம் ஆடிப்போன போட்டோக்கள். நடுவில் இப்படி ஒரு வரி: 'எங்கள் அப்பா இதை யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் நம் கூட்டை யாரும் தொட மாட்டார்கள் என்று சொன்னார்.'

இந்த வரியைப் படித்ததும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. இத்தனை வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒரு நேர்மையான வரியை நான் எழுதியிருக்கிறேனா? முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? என் வாசகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். 'படித்தே ஆக வேண்டிய பதிவு' என்று போட்டு லிங்க்கை அனுப்பினேன். கைத்தட்டல் வந்தது, பூங்கொத்து வந்தது. நாலைந்து பேர் தங்கள் குரூப்புகளுக்கு அனுப்பினார்கள். அவர்களிடமிருந்து இன்னும் நாலைந்து பேர். ஒரு வாரத்துக்குள் அது பவித்ராவின் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

பள்ளி பிளாக்கின் பெரிய நன்மை, அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது. பெரிய தீமை? அதேதான்.

போனில் பேசியவர் பவித்ராவின் அப்பா மாதையன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் ஞாயிறு. தருமபுரியில் பஸ் ஏறி கம்பைநல்லூரில் இறங்கினேன். கலைவாணி டீச்சர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார்.

வீட்டு வாசலில் ஒரு பெஞ்ச். அதன்மேல் ஒரு மஞ்சப்பை. பைக்குள் டிபன் பாக்ஸ், கவர்கூடப் பிரிக்காமல். பக்கத்தில் பவித்ரா நின்றிருந்தாள்.

"உக்காருங்க சார். புழு வூட்டுப் பக்கம் மட்டும் போயிராதீங்க" என்றார் மாதையன். புழு வளர்க்கும் கொட்டகைக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள். வீட்டுக்காரர்களே சுண்ணாம்பில் காலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

என்ன ஆயிற்று என்று அவர்தான் விளக்கினார். நோய் வந்த அந்தப் புழுவில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதற்கப்புறம் கொட்டகையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் அடித்து, பூட்டிப் போட்டு, மறுபடி இளம்புழு வாங்கிவந்து வளர்க்கிறார். இந்தப் புழு நன்றாக இருக்கிறது. இன்னும் மூன்று நாளில், புதன்கிழமை, கூடு கட்ட ஆரம்பித்துவிடும். கூடு கட்டுவதற்கு நெட்ரிகா என்ற பிளாஸ்டிக் வலை வேண்டும். அதில் ஏற்றிவிட்டால் புழு இடுக்கில் உட்கார்ந்து கூடு கட்டும்.

"நோய் வந்தப்ப பழைய வலையெல்லாம் எரிச்சுட்டனுங்க. கழுவி வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு மனசு வல்ல. இப்ப கையில பாதிதான் இருக்குது. புதுசு வர பத்து நாள் ஆவும்ங்கறாங்க."

"பக்கத்துல யார்கிட்டயாவது…" என்றேன்.

"அதத்தான் சொல்ல வர்றனுங்க."

அந்த ஊரில் ஒரு வழக்கம். எல்லா வீட்டிலும் புழு ஒரே நாளில் பழுக்காது, அதாவது கூடு கட்டும் பருவத்துக்கு வராது. இந்த வாரம் உனக்கு, அடுத்த வாரம் எனக்கு. ஆகவே வலை வீடு மாறி வீடு போய்க்கொண்டே இருக்கும். யாரும் இல்லை என்று சொன்னதில்லை. இந்தத் தடவை மாதையன் நாலு வீட்டுக்குப் போயிருக்கிறார். நாலு பேரும் உட்கார வைத்து, காபி கொடுத்து, "இந்த வாட்டி எங்களுக்கே வேணும் போலிருக்குதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பிளாக் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வலை இல்லாவிட்டால்? புழு காத்திருக்காது. கிடைத்த இடத்தில், தழைக்குள்ளும் எச்சத்திலும் கட்டிவிடும். அந்தக் கூட்டை மார்க்கெட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு தடவை பாதி போய், இன்னொரு தடவையும் போனால் தாங்காது என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இங்க யாரப் பாத்தாலும் மொதல்ல கேக்கறது, புழு எப்பிடி இருக்குதுன்னுதான் சார். நல்லாத் திங்குதுன்னு சொல்லுவோம். செத்துக் கெடந்தாலும் நல்லாத் திங்குதுன்னுதான் சொல்லுவோம். எங்கப்பன் காலத்துல இருந்து அப்பிடித்தான். இந்தப் புள்ள எண்ணி எண்ணி எழுதிப்போட்டுது."

பிறகு, தான் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"பரிசத் திருப்பி எடுத்துக்குங்க. மிஸ்ஸு, நீங்க அத அழிச்சிருங்க. சார், உங்க பத்தியில ஒரு வரி எழுதிருங்க, அந்தப் பொண்ணு எழுதுனது கற்பனைன்னு. ஊர்ல நாலு பேரு உங்களப் படிக்கறாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

ஒரே ஒரு வரி. எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது? பத்தி எழுதுகிறவனுக்குக் கற்பனை புதிதா? மூன்று நாளில் ஒரு குடும்பத்துக்கு வலை கிடைக்கிறது என்றால் ஒரு பொய் ஒன்றும் பெரிய விஷயமில்லை. குற்றவாளி வேறு நான். லிங்க்கை ஊரெல்லாம் அனுப்பியவன் நான்.

அப்போதுதான் பவித்ரா முதல் முறையாகப் பேசினாள்.

"நான் அஞ்சு நாளும் எண்ணித்தான் எழுதுனேன் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நீ எழுதுனது தப்பில்லம்மா" என்றார் டீச்சர். "அஞ்சு நாள்னு சொன்னது நான்தான்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பாடம் ஐந்து நாள். ஐந்தாம் நாளோடு எழுத்து நின்றுவிட்டது. ஆறாம் நாள் என்ன நடந்தது, வலையை எரித்தது, கொட்டகையைக் கழுவியது, இப்போது புழு நன்றாக இருப்பது… ஒன்றுமே பிளாக்கில் இல்லை. மார்க் போட்டாகிவிட்டது, பரிசு கொடுத்தாகிவிட்டது, யார் எழுதப் போகிறார்கள்? அந்தப் பதிவைப் படிக்கிறவருக்கு மாதையன் வீட்டுப் புழு இன்றைக்கும் செத்துக்கொண்டேதான் இருக்கிறது.

நோட்டில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மார்க் விழுந்ததும் நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போகும். பிளாக் போகாது. நாம் மறந்தபிறகும் அது அங்கேயே உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும்.

"மொதல்ல அழிச்சிடறேங்க" என்று டீச்சர் போனை எடுத்தார். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த பிளாக்கில் யார் கருத்து எழுதினாலும் டீச்சர் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே தெரியும். பள்ளிப் பிள்ளைகள் விஷயம், கண்டதும் வந்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருந்தார். மார்க் போட்டதோடு அவரும் உள்ளே போகவில்லை. பவித்ராவின் பதிவுக்குக் கீழே இருபத்திரண்டு கருத்துகள் காத்துக் கிடந்தன. 'சூப்பர்', 'வாழ்த்துகள் தங்கச்சி', 'மேலும் வளர்க'. வளரச் சொன்னது யாரை என்று தெரியவில்லை, பெண்ணையா, நோயையா?

கடைசியில் ஒன்று. பெயர் இல்லை. டீச்சர் சத்தமாகப் படித்தார்.

'எங்க புழுவும் இப்படித்தான் ஓரத்துல ஊருது. கையில எடுத்துப் போடலாமா? வேற என்ன பண்ணணும்? யார்கிட்டயும் கேக்க முடியல.'

மாதையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்ப போட்டதுங்க இது?"

"வியாழக்கிழமை."

"மூணு நாளாச்சா? ஐயோ, மூணு நாள்ல பாதித் தட்டு போயிருக்குமேங்க" என்று எழுந்துவிட்டார். "கையில எடுக்கக் கூடாது. அந்தக் கையோட நல்ல புழுவத் தொட்டா அதுவும் போச்சு. பாப்பா, எழுது."

பவித்ரா டீச்சரின் போனை வாங்கிக்கொண்டாள். அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். கையால் தொடாதீர்கள். குச்சியால் எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் போடுங்கள். புழு கிடக்கும் தழைப் படுக்கைமேல் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். இளந்தழை போடாதீர்கள். காற்று வரட்டும். பட்டு வளர்ச்சித் துறை ஆபீசுக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள், வெட்கப்படாதீர்கள்.

கடைசி வார்த்தையை அவரே இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"யார் சொன்னதுன்னு போடட்டும்ப்பா?" என்று கேட்டாள் பவித்ரா.

அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இத எழுதுன பொண்ணோட அப்பான்னு போடு."

அழிப்பதைப் பற்றி அதற்கப்புறம் ஒருவரும் பேசவில்லை. டீச்சர் மட்டும், "ஆறாம் நாள்லருந்து எழுதறியாம்மா?" என்று கேட்டார். மார்க் உண்டா என்று பவித்ரா கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். "எழுதறதுன்னா முழுசா எழுது. பாதியில வுட்டா எனக்குத்தான் கெட்ட பேரு" என்றார் அவர்.

சாயங்காலம் நான் வீடு திரும்புவதற்குள் இரண்டாம் பதிவு வந்துவிட்டது. வலையை எரித்த சாம்பல், பூட்டிய கொட்டகை, சுண்ணாம்பில் பதிந்த அப்பாவின் கால் தடம், அன்றைக்குக் காலையில் எடுத்த புழுக்கள். கொழுகொழுவென்று, ஆடாத போட்டோ. இதையும் என் குரூப்பில் போட்டேன். போடுவதற்கு முன்னால் மாதையனிடம் கேட்டேன். இதை முதல் தடவையே செய்திருக்க வேண்டும். உங்களில் யாராவது அதைச் சொல்லிக் காட்டுவதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

உடனே ஊரே திரண்டு வலையோடு வந்ததா என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை ஒருவரும் வரவில்லை. நான் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து என்ன வேலை செய்யும் என்று மேடையில் பேசுவது சுலபம். புதன்கிழமைக்குள் செய்யுமா என்று யாருக்குத் தெரியும்?

வியாழக்கிழமை மாதையனே போன் செய்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில், தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்காரர் வந்தாராம். முதலில் இல்லை என்று சொன்ன நாலு பேரில் ஒருவர். அவருடைய புழு ஒரு வாரம் பின்னால் இருக்கிறது. தலையில் ஒரு கட்டு வலை. வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "எங்களுக்கு இந்த வாட்டி இத்தன தேவப்படாது போலிருக்குதுங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்றாராம்.

புழு வளர்ப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. வலை மிச்சம் என்றால் புழு குறைந்துவிட்டது என்று அர்த்தம். பெயர் போடாமல் கேட்டது யார் என்பதும் மாதையனுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"நீங்க என்ன கேட்டீங்க?" என்றேன்.

"புழு எப்பிடிங்க இருக்குதுன்னு கேட்டேன். நல்லாத் திங்குதுன்னாரு. சரிங்கன்னேன்."

காபி குடித்துவிட்டுப் போனாராம். வலையைப் பிளீச்சிங் தண்ணீரில் முக்கி வெயிலில் காயப்போட்டு, புதன்கிழமை புழுவை ஏற்றியாகிவிட்டது. நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது கூடு கட்டிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸில் அன்றைக்குப் பள்ளிக்கு எலுமிச்சைச் சாதம் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"பாப்பா இதயும் எழுதணுங்குது சார். அவரு வலை கொண்டாந்து குடுத்தத."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எழுதுன்னுட்டேன். பேரு மட்டும் போடாதன்னேன்."

பிளாக் எழுதும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று டீச்சரும் நானும் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். இந்த நாலு வார்த்தை எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பத்தியில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டவை. யார் சொல்லிக்கொடுத்து என்று உங்களுக்கே தெரியும்.